திருமறைக்கு அடங்கி நடத்தல்

உண்மை இதுவென்று துணிவதற்குக் கருவி யாது என்னும் வினாவை நம் நாட்டு அறிஞர் தொன்றுதொட்டு ஆராய்ந்து வந்துள்ளனர். காட்சி, கருதல், உரை என அளவைகளை அவர்கள் வகுத்தனர். கண்ணாற் கண்டறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். ஐயந்திரிபு அற்ற பெரியோர் வாய்மொழியை ஏற்றுக்கொள்வது உரை. இவற்றையே வடநூலார் பிரமாணம் என்பர். பிரமாணமாவது அளக்குங் கருவி. கிறிஸ்தவத் திருச்சபையார் தம் திருமறைத் தொகுதிக்கு வழங்கும் 'கானோன்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் அளவுகோல் என்பதே பொருள். வெவ்வேறு நாட்டு அறிஞர் ஒரே உவமையை நாடியதில் வியப்பொன்றுமில்லை. அளவுகோல் இல்லாதவன் தன் நிழலையே அளவாகக் கொள்வான். நிழலோ காலையில் நீண்டு நண்பகலிற் குறுகும்.

தச்சனொருவன் தான் அறுத்த பலகை முழக்கோலுக்குக் குறைந்திருக்கக் கண்டு, பலகையை அப்படியே விட்டு, முழக்கோலைச் சீவிக் குறைப்பானாயின் அவனைக் கண்டு நகையாதார் யார்? ஆயினும் திருமறையைக் கையாளுமிடத்து அத்தச்சனின் செய்கையை நாம் நாடோறும் செய்து வருகின்றோம். வேதாகமம் தேவனுடைய வார்த்தை என்பதை நம்மிற் பெரும்பாலார் வாயினால் மறுப்பதில்லை. அது வாசிக்கப்படுகையில் வணக்கமாய்ச் செவிசாய்க்கின்றோம். வீட்டில் உயர்ந்த இடத்தில் அதனை வைக்கின்றோம். ஞானஸ்நானத்திலும் மணவறையிலும் கல்லறையோரத்திலும் அதன் வாக்கியங்களைக் கேட்டு ஆறுதலடைகின்றோம். ஆதலின் திருமறைக்கு அதிகாரம் உண்டோ இல்லையோ என்பது நம்மிடையே எழும் வினாவன்று. அது நமது விருப்பத்துக்கும் வழக்கத்துக்கும் மாறாகப் பேசும் வேளையில் வளைந்து கொடுப்பது யார், நாமா அதுவா என்பதே வினா. இவ்வொன்றையே இக்கட்டுரையிற் சிந்திக்கப் புகுகின்றோம்.

1. தந்தையும் மகனும்

இவ்வினாவுக்கு விடைகாண, பழைய ஏற்பாட்டிலுள்ள இரண்டு அரசர் வரலாறுகளை ஒருங்கே வைத்து நோக்குவது நலம். முதலாவது, இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 22, 23ஆம் அதிகாரங்களிற் காண்பது. யூதாவின் அரசனாகிய யோசியா தன் ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 622 அளவில், எருசலேம் தேவாலயத்தைப் பழுதுபார்க்கக் கட்டளையிட்டான். வேலை நடந்துகொண்டிருக்கையில் பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா நியாயப்பிரமாண புத்தகம் ஒன்றை ஆலயத்திற் கண்டெடுத்தான். அது உபாகமம் அல்லது அதன் பெரும்பகுதி என்று அறிஞர் பலர் கருதுவர். சம்பிரதியாகிய சாப்பான் அதனை அரசன் முன் வாசித்தான். வாசிக்கக் கேட்ட அரசன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான்.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. யோசியா தீயவன் அல்லன். இளமை முதற்கொண்டே கடவுளை நாடியவன். அந்நேரத்திலுங்கூட ஆலயத்தைச் செப்பனிடும் நற்பணியிலேயே ஈடுபட்டிருந்தவன். "யான் செய்துவரும் நற்பணி போதாதோ? இப்பழைய ஏடு இப்பொழுது எங்கிருந்து வந்தது?" என்று அவன் கேட்டிருக்கலாம். அங்ஙனம் கேளாமல், முன்னோர் தவறினர் என்பதையும் அத்தவற்றின் பயன் தங்கள் தலைமேலும் இருக்கின்றது என்பதையும் அறிக்கையிட்டான். பின்பு உல்தாள் என்னும் தீர்க்கதரிசினியிடம் ஆளனுப்பி விசாரித்தான், பெரியோர் சிறியோர் அனைவரையும் கூட்டி அப்புத்தகத்தைத் தானே அவர்கள் கேட்க வாசித்தான், உடன்படிக்கை செய்தான், நாடெங்கும் வேரூன்றியிருந்த விக்கிரக மேடைகளை அகற்றினான். கெட்டவனைக் குற்றவாளியென்று தீர்ப்பது எளிது. நல்லவனென்று பெயர் பெற்றவன் ஒரு புத்தகத்தின் முன் குற்றவாளியாய் நிற்க ஒருப்படுவதே அரிது. யோசியாவின் பெருமை அதுவே.

இரண்டாவது வரலாறு எரேமியாவின் புத்தகம் 36ஆம் அதிகாரத்தில் உள்ளது. யோசியாவின் மகனாகிய யோயாக்கீம் அப்பொழுது அரியணையிலிருந்தான். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாருக் என்பவன் ஒரு புத்தகச்சுருளில் எழுதினான். அரசனது ஆட்சியின் ஐந்தாம் ஆண்டு ஒன்பதாம் மாதத்தில் அச்சுருள் அரண்மனையை எட்டிற்று. குளிர்காலமாதலின் அரசன் கணப்பின் முன் வீற்றிருந்தான். யெகுதி என்பவன் மூன்று நான்கு பத்திகள் வாசித்து முடிக்குந்தோறும், அரசன் அப்பகுதியைக் கத்தியால் அறுத்துக் கணப்பிற் போட்டுக்கொண்டிருந்தான். சுருள் முழுதும் இவ்வாறே சாம்பலாயிற்று. எல்நாத்தான், தெலாயா, கெமரியா என்னும் மூவர் எரிக்கவேண்டாமென்று வேண்டியும் அவன் இணங்கவில்லை. இம்மூவருள் கெமரியா என்பவன் சாப்பானின் மகன். முன்னே யோசியாவுக்கு ஏட்டை வாசித்துக் காட்டிய சம்பிரதியின் பெயரும் சாப்பானே. தந்தை வாசித்ததைக் கேட்டு அரசன் ஆடையைக் கிழித்தான். மகன் வேண்டியும் கேளாமல் அவ்வரசனின் மகன் ஏட்டை அறுத்தான். அவ்வேளையில் அரசனாவது ஊழியராவது ஆடையைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று எழுத்தாளன் குறித்து வைத்திருப்பது, யோசியாவை நினைப்பூட்டுவதற்கே போலும்.

யோயாக்கீமைப்பற்றி நாம் மறக்கத்தகாதது, அவன் வாசிப்பைத் தடைசெய்யவில்லை என்பது. பத்தி பத்தியாக முழுவதையும் செவியுற்றான். ஆகவே வேதத்தைக் கேட்பது வேறு, அதற்கு அடங்குவது வேறு என்பது வெள்ளிடைமலை. ஒருவன் ஆண்டு முழுதும் வேதம் வாசித்தும் யோயாக்கீமாகவே இருத்தல் கூடும்.

2. நம் கையிலுள்ள கத்தி

நம்மில் எவரும் வேதாகமத்தை நெருப்பிலிடுவதில்லை. ஆனால் அரசனது கையிலிருந்த கத்தி நம்மிடமும் உண்டு. அது ஓசையின்றி அறுப்பது. மூன்று வகையாக நாம் அதனைப் பயன்படுத்துகின்றோம்.

முதலாவது, நமக்கென எழுதப்பட்டதை அயலானுக்கென ஒதுக்கிவிடுகின்றோம். பிரசங்கம் கேட்கும்போதே, "இவ்வார்த்தை இன்னாருக்குச் சாலப் பொருந்தும்" என்று முன் இருக்கையில் அமர்ந்திருப்பவரை நோக்குகின்றோம். ஆசிரியர் மாணவருக்கும், மாணவர் ஆசிரியருக்கும், பெற்றோர் பிள்ளைகட்கும், பிள்ளைகள் பெற்றோருக்கும் வசனங்களைப் பங்கிட்டு வழங்கிவிட்டு, வெறுங்கையராய் வீடு திரும்புகின்றோம்.

இரண்டாவது, இடர்ப்பாடான பகுதியைக் காலத்தின் மேற் சுமத்துகின்றோம். "அது அக்காலத்து யூதருக்குச் சொன்னது, இக்காலத்து நடைமுறைக்கு ஏலாது" என்கின்றோம். காலமும் இடமும் அறிந்து பொருள் கொள்ளுதல் இன்றியமையாதது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், நமக்கு ஆறுதல் கூறும் சங்கீதங்களை இவ்வாறு காலத்தின்மேல் தள்ளிவிட எவரும் முற்படாததைக் காணும்போது, நாம் காலத்தை ஆராய்வதெல்லாம் பொருளறியவா, தப்பியோடவா என்று ஐயுற இடமுண்டாகின்றது.

மூன்றாவது, ஒரு வசனத்தைக் கேடயமாகப் பிடித்து மற்றொரு வசனத்தைத் தடுக்கின்றோம். இது மிகவும் அபாயகரமானது. ஏனெனில் புறத்தே இது வேதபக்தியைப் போன்றே தோன்றும். நம் ஆண்டவர் வனாந்தரத்திற் சோதிக்கப்பட்ட வரலாற்றில், சோதனைக்காரனும் வேதவாக்கியத்தைக் கூறினான் என்பதை மத்தேயுவும் லூக்காவும் ஒருங்கே எழுதியுள்ளனர். அவன் எடுத்தாண்டது 91ஆம் சங்கீதம், வாக்கியத்திற் பிழையில்லை, நோக்கத்திலேயே பிழை. தான் விரும்பியதைச் செய்விப்பதற்கு அவன் வேதத்தைக் கருவியாக்கினான். ஆண்டவரோ உபாகமத்தினின்றும் மூன்று முறை விடை பகர்ந்தார். அம்மூன்று விடைகளும் அவருக்கு எதனையும் பெற்றுத்தரவில்லை. அப்பத்தையும் புகழையும் அரசுரிமையையும் அவருக்கு மறுத்தன. நாற்பது நாள் உபவாசத்துக்குப்பின் பசியோடிருந்தவர், தம் பசிக்கு எதிராகப் பேசிய வார்த்தைக்கு அடங்கினார். வேதத்தின் அதிகாரத்தை ஒருவன் ஏற்றான் என்பதற்குச் சான்று, அதனைக்கொண்டு அவன் வென்ற வாதங்கள் அல்ல. அதன் சொற்கேட்டு அவன் துறந்த பொருள்களே.

3. தரங்கம்பாடியிற் பிறந்த நூல்

இனி, இவ்வுண்மை நம் தமிழ்த் திருச்சபையில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைப் பார்ப்போம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு ஐயரும் புளுச்சோ ஐயரும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழெழுத்துக்களைப் பயின்ற சீகன்பால்கு, 1708இற் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சாயின. எஞ்சிய பகுதி 1715இல் வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரையில் மொழிபெயர்த்த நிலையில் 1719இல் அவர் காலமானார். சூல்ச் ஐயர் அப்பணியை முடித்தார். பின்னர் பப்ரிசியு ஐயர் நெடுங்காலம் உழைத்துத் திருத்தினார். அதன்பின்னும் பல திருத்தங்கள் நேர்ந்தன. 1871இல் பவர் ஐயர் தலைமையில் ஐக்கியத் திருப்புதல் வெளிவந்தது.

மொழிபெயர்ப்பு மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டமை திருமறையின் அதிகாரத்துக்கு இழுக்காகுமோ எனின், ஆகாது. மூலத்துக்கு அடங்கவேண்டும் என்னும் எண்ணமே மொழிபெயர்ப்பாளரைத் தம் சொல்லைத் தாமே அழித்தெழுதச் செய்தது. "யான் எழுதியதே முடிவு" என்பவன் மொழிபெயர்ப்புக்கு உதவான்.

மக்கள் மொழியில் வேதத்தை அச்சிட்டுக் கொடுத்த மிஷனரிமார் மற்றொன்றையும் செய்தனர். தாங்கள் போதித்தது சரியோ என்று பார்க்கும் அளவுகோலைக் கேட்போர் கையிலேயே ஒப்படைத்தனர். அந்நாள் முதல், கற்பிக்கிறவரும் கற்பவரும் ஒரே நூலின்கீழ் நிற்கவேண்டியவராயினர். அங்ஙனம் நின்றனரா என்பதை ஒரு வரலாறு காட்டும்.

தஞ்சை அரசரின் படையிற் பணிபுரிந்த இராசநாயக்கன் என்பவர், ரோமச் சபையைச் சார்ந்த குடும்பத்திற் பிறந்தவர். அக்காலத்தார் தீண்டத்தகாதவரென ஒதுக்கி வைத்த குலத்தினர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷ நூல் அவர் கைக்கு எட்டியது. அதனை ஊன்றிப் படித்து, அதன் போதனைக்குத் தம்மை ஒப்புவித்து, தரங்கம்பாடிச் சபையிற் சேர்ந்தார். பின்பு படைத்தொழிலை விட்டு உபதேசியாராகி, தஞ்சை நாட்டில் எதிர்ப்புகளிடையே நெடுங்காலம் ஊழியஞ் செய்து 1771இல் மரித்தார். ஒரு நூல் ஒரு மனிதனைத் தன்வயமாக்கியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தமிழருள் முதன்முதலாக 1733இல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றிருந்தார். அவரையடுத்து யாருக்குப் பட்டமளிப்பது என்னும் ஆலோசனை எழுந்தபோது, இராசநாயக்கனின் பெயரும் நினைக்கப்பட்டது. அவருடைய தகுதியில் ஐயமில்லை. ஆனால் அவர் கையினின்று இராப்போசனம் பெறுவதற்கு உயர்குலத்தாரெனப்பட்டோர் உடன்படார் என்ற அச்சம் மிஷனரிமாரைத் தடுத்தது. 1741இற் தியோகு என்பவருக்குப் பட்டம் அளிக்கப்பட்டது. இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை அணிந்தவனுக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திற் கண்டிக்கின்றார். அந்நிருபம் 1715இலேயே தமிழில் அச்சாகிவிட்டது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேற்றுமையில்லை என்னும் பவுலின் போதனையும் அத்தொகுதியில் இருந்தது. அவற்றை அச்சிட்ட சபையே, அவை தன்னை நோக்கிப் பேசியபொழுது, வழக்கத்தின் பக்கம் சாய்ந்தது. ஒருவரையும் இழித்துரைப்பது எமது கருத்தன்று. மிஷனரிமார் தன்னலத்தால் அஞ்சினரல்லர். சபை சிதறுமென்றே அஞ்சினர். எனினும், நூலைப் படித்து அடங்கியவர் படைவீரர் ஒருவர். நூலைக் கொடுத்தவர்களோ அவ்விடத்தில் அடங்காது நின்றனர் என்பதை மறைத்தலும் தகாது.

4. அந்தியோகியாவும் நம் ஊரும்

இத்தகைய தடுமாற்றம் புதியதன்று. கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உணவருந்தி வந்து, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்ட செய்தி உள்ளது. பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்துக் கடிந்தார். பேதுருவோ அப்போஸ்தலர்களுள் முதல்வராக எண்ணப்பட்டவர். ஆயினும் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு மேற்பட்டவராக அவரும் மதிக்கப்படவில்லை. திருச்சபையில் அதிகாரம் பெற்றவர் எவரும் திருமறையின்மேல் அதிகாரம் பெற்றவர் அல்லர் என்பதை இதனால் அறிகின்றோம். ஆதலின் வேதத்துக்கு அடங்குதல் என்பதை, வேதத்தைக் கையில் வைத்திருக்கும் மனிதனுக்கு அடங்குதல் என்று கொள்ளுதல் பிழை. குருவானவரோ, ஆசிரியரோ, கணவரோ, தந்தையோ வேதத்தைக் காட்டிப் பிறரை அடக்க முயலுமுன், அதே வேதம் தம்மை அடக்க இடங்கொடுத்தல் வேண்டும்.

1833இற் கல்கத்தா அத்தியட்சரான தானியேல் வில்சன், தென்னாட்டுச் சபைகளிற் சாதிவேற்றுமை அறவே ஒழியவேண்டுமென்று கட்டளைக் கடிதம் விடுத்தார். வேப்பேரி, தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் அதனை எதிர்த்துச் சபையை விட்டு அகன்றோர் பலர். அகன்றோருள் வேதமறியாதவர் இருந்தனர் என்று எண்ணவேண்டா. தலைமுறை தலைமுறையாக வேதம் வாசித்த குடும்பத்தினர் அவர்கள். சாதியானது மதத்தைச் சாராத உலகாசாரம். அதில் வேதத்துக்கு வேலையில்லை என்பது அவர்களது வாதம். இவ்வாதம் நுண்ணிய கத்தி. வாழ்க்கையை இரண்டாகப் பிளந்து, ஒரு கூற்றை ஆலயத்துக்கும் மற்றொரு கூற்றை ஊர்வழக்கத்துக்கும் பங்கிட்டுவிடும் கத்தி.

அக்கத்தி இன்றும் துருப்பிடிக்கவில்லை. தீண்டாமையை ஒழித்த இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இல் நடைமுறைக்கு வந்தது. வரதட்சிணையைத் தடைசெய்யும் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. நாட்டுச் சட்டம் இவ்வாறு பேசுவதற்கு இருநூறு ஆண்டுகட்கு மேலாகத் தமிழ்ச் சபையின் கையில் யாக்கோபின் நிருபம் இருந்தது. இருந்தும், நம்மவர் திருமண அறிவிப்புகளில் பக்தியையும் சாதியையும் ஒரே வரியிற் கேட்கின்றோம். மணப்பெண்ணின் வீட்டாரிடம் தொகை பேசி முடித்தபின், அவ்விருப்பிலேயே ஜெபஞ்செய்து எழுந்திருக்கின்றோம். ஜெபத்துக்குமுன் பேசியதை ஜெபம் கேள்வி கேட்பதில்லை. கணப்பின் முன் அமர்ந்திருந்த யோயாக்கீமின் நிலைக்கும் இந்நிலைக்கும் உள்ள வேறுபாடு என்னை?

இவை தொலைவிலுள்ள எவரையோ குறித்த குறைகள் அல்ல. இவ்விதழை வாசிக்கும் மாணவர்க்குச் சின்னாளில் மணப்பேச்சு வரும்; பழைய மாணவருட் பலர் இப்பொழுது மணமகன் வீட்டாராகவோ மணமகள் வீட்டாராகவோ இருப்பர். சபைத் தேர்தலில் வாக்களிக்கும்போது எந்தக் குலத்தார் என்று பார்ப்பதும், அலுவலகத்தில் எல்லாரும் செய்கின்றனர் என்று பொய்க்கணக்கில் கையெழுத்திடுவதும், தேர்வறையில் ஒருமுறைதானே என்று துணிவதும் ஆகிய இடங்களிலேதான் நாம் திருமறைக்கு அடங்கியவரோ அல்லரோ என்பது தெளிவாகும்.

5. ஆராய்ச்சியும் அடக்கமும்

இனி, கல்லூரி மாணவர் நியாயமாய் எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. "அறிவை வளர்க்கும் இடத்தில் இருந்துகொண்டு ஒரு பழைய நூலுக்கு அடங்குக என்றல் பகுத்தறிவை அடகு வைப்பதன்றோ?" என்பர். ஐயத்தை அவமதித்தல் எமக்கு உடன்பாடன்று. அடக்கம் என்பதும் ஆராயாமை என்பதும் ஒன்றல்ல. யோசியா ஆடையைக் கிழித்தவுடன் செய்த முதற்காரியம், விசாரிக்க ஆளனுப்பியதே. அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையுங்கூட வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர் என்றும், அதனால் அவர்கள் நற்குணசாலிகள் என்றும் லூக்கா பாராட்டுகின்றார். எந்நூல் யாரால், எப்பொழுது, எச்சூழலில் எழுதப்பட்டது, பழைய பிரதிகளுள் எது திருத்தமானது, இச்சொல்லுக்கு அக்காலத்துப் பொருள் யாது என்றெல்லாம் நுணுகி நோக்குவது மாணவரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாம். ஒருவருடைய சொல்லுக்கு மதிப்பளிப்பவன், அவர் உண்மையிற் சொன்னது யாதென்று அறிய முயலாதிருப்பானோ?

ஆயினும் ஆராய்ச்சியில் இருவகை உண்டு. மருத்துவரின் சீட்டிலுள்ள எழுத்துத் தெளிவாயில்லை என்று அதனை விளக்கில் பிடித்துப் பார்ப்பவன் மருந்துண்ணக் கருதியவன். கசப்பு மருந்து என்று கேள்விப்பட்டு, எழுத்துத் தெளிவாயில்லை என்று சொல்லிச் சீட்டை மடித்து வைப்பவனும் உளன். இருவரும் புறத்தே ஒரே சொல்லையே சொல்லுகின்றனர். நாம் இவ்விருவருள் யார் என்பதைப் பிறர் அறியார். நாமும் எளிதில் அறியோம். அதனை அறிய ஒரு வழியுண்டு. திருமறையில் நமக்குப் பொருள் தெளிவாக விளங்கும் பகுதியை நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விளங்காத பகுதிகளைப்பற்றி நள்ளிரவுவரை வாதாடிவிட்டு, விளங்கிய கட்டளையாகிய பிறன் கடனைத் தீர்த்தலையும், பகைத்தவனோடு ஒப்புரவாதலையும் மறுநாளைக்கு ஒத்திவைப்போமாயின், நமது தடை அறிவில் இல்லை, மனத்தில் உள்ளது.

அடங்குதல் அடிமைத்தனமும் அன்று. வீணை பயில்வோன் சுருதிக்கு அடங்குகின்றான்; அடங்கியதனால் அவன் விரல்கள் கட்டுண்டு போகவில்லை. சுருதியை மீறியவனுக்கு எழுப்ப ஓசையுண்டு, இசையில்லை. 119ஆம் சங்கீதத்தைப் பாடியவர் எட்டெட்டு வசனமாக இருபத்திரண்டு பகுதிகளில், 176 வசனங்களிலும் கர்த்தருடைய பிரமாணத்தையே பாடுகின்றார். சட்டத்தைப்பற்றி அச்சத்தினால் ஒருவன் அவ்வளவு நீளப் பாட இயலுமோ? தன்னை நேசிப்பவரின் சொல் என்று கண்டமையாலேயே பாடினார். கிறிஸ்தவனுக்கு வேதத்தின் அதிகாரம் ஏட்டினின்றும் பிறப்பதன்று. அவ்வேடு சாட்சி பகரும் கிறிஸ்துவினின்றும் பிறப்பது. அவரை அறியாமல் ஏட்டை மட்டும் பிடித்துக்கொள்பவன் பரிசேயனாதல் கூடும். அவரை நேசிக்கின்றேன் என்று சொல்லி ஏட்டைத் தள்ளிவிடுபவன் தன் மனத்தையே கிறிஸ்து என்று எண்ணி ஏமாறுதல் கூடும்.

6. வழிவகை

முடிவாக, நடைமுறைக்கு உதவும் சிலவற்றைக் கூறி அமைவோம். வேதத்தைத் தெரிந்தெடுத்த துணுக்குகளாக வாசியாமல் நூல் நூலாக வாசிப்போமாக. அங்ஙனம் வாசிப்போன், தான் விரும்பாத அதிகாரத்தையும் கடந்தே செல்லவேண்டும். தனித்து வாசிப்பதோடு, நம்மைப் போலல்லாத பிறரோடும் கூடி வாசிப்போமாக; வறியவரும், பிற குலத்தவரும், பெண்டிரும் உடனிருந்து வாசிக்கும்போது, நம் கண் தாவிச்செல்லும் வரியில் அவர்கள் நின்றுவிடுவர். யோசியா விசாரிக்க அனுப்பியதும் உல்தாள் என்னும் பெண்மணியிடமே அன்றோ? வாசித்து முடித்தவுடன், "இதனைக் கேட்கவேண்டியவர் யார்?" என்னும் வினாவை விலக்கி, "இதனால் இன்று யான் விடவேண்டியது யாது?" என்று வினவுவோமாக. விடையொன்று கிடைத்தால், அடுத்த அதிகாரத்துக்குச் செல்லுமுன் அதனைச் செய்வோமாக.

யோயாக்கீம் எரித்த சுருளின் கதை சாம்பலோடு முடியவில்லை. எரேமியா மீண்டுஞ் சொல்ல, பாருக் வேறொரு சுருளில் முன்னிருந்த வார்த்தைகள் யாவற்றையும் எழுதினான். அவற்றோடு இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று அவ்வதிகாரத்தின் கடைசி வசனம் கூறுகின்றது. அரசனின் கத்தியால் நூல் குறையவில்லை, வளர்ந்தது. இராசநாயக்கனுக்குத் திருச்சபை மறுத்ததும் அவ்வாறே முடிந்துவிடவில்லை. அவருக்கு அந்நாளில் மறுக்கப்பட்ட திருப்பந்தியில், அவர் குலத்திற் பிறந்தோர் இன்று குருமாராகவும் அத்தியட்சர்களாகவும் நின்று அப்பம் பிட்கின்றனர். வழக்கம் பணிந்தது, வார்த்தை நின்றது. ஆனால் அஃது இருநூறு ஆண்டு தாமதித்துப் பணிந்தது; அத்தாமதத்தால் வருந்தினவர்களின் தொகையைக் கடவுளே அறிவார்.

திருமறை இறுதியில் வெல்லும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அது வெல்லும்பொழுது நாம் எப்பக்கத்தில் நிற்போம் என்பது மட்டுமே நம் கையில் விடப்பட்டுள்ளது. ஏட்டை அறுக்கும் கத்தியைக் கீழே வைத்து, யோசியாவைப்போல் நம்மையே கிழித்துக்கொள்ளும் மனத்தை ஆண்டவர் நமக்கும் நமது கல்லூரிக்கும் அருளுவாராக.